தாடை பார்க்கும் பல்லக்கா

மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்க மாட்டார் பல்லக்கா. மீன் கைவலைக்குள் கிடக்கும்; வலை ஆற்றுக்குள் கிடக்கும். இடுப்பளவு ரப்பர் பூட்ஸோடு குனிந்து, இடது கையை மீனின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, வலது கையால் வாலின் ஒடுங்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். முதலில் வாய். வாயின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறதா, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடுகிறதா? அப்புறம் கீழ்த்தாடை. அதன் நுனி கதவுக் கொண்டி போல மேலே வளைந்திருக்கிறதா? பிறகு மீனை லேசாக ஒருக்களித்து வயிறு. கடைசியாக, வாலுக்குச் சற்று முன்னால் அடிப்பக்கம் இருக்கும் துடுப்பு. ஓரம் வெளியே புடைத்திருந்தால் ஒன்று, உள்ளே குழிந்திருந்தால் இன்னொன்று. அதற்குள் இரண்டு மூன்று பேர் பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப் போலக் கரையில் வந்து நின்றிருப்பார்கள்.

"பொண்ணு," என்பார். "நிறை மாசம். போயிட்டு வாடி."

கையைத் தளர்த்துவார். மீன் உடனே ஓடாது. ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து, செவுள் விரிந்து மூடி, தான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அதற்கே நம்பிக்கை வர வேண்டும். அதுவரை உள்ளங்கையைத் திறந்த தொட்டில் மாதிரி அடியில் வைத்திருப்பார். முதுகு வலிக்காதா என்று கேட்டால், "வலிக்கும்" என்பார்.

ட்ரவுட் என்பது குளிர்ந்த, வேகமான, அடியில் கூழாங்கல் தெரிகிற தண்ணீரில் வாழும் புள்ளி மீன். இலை உதிரும் காலம் நெருங்கும்போது முட்டையிடத் தயாராகும். ஆற்றின் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தூண்டில்காரர் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. பருவத்தின் கடைசி வாரங்களில் ஆண் மீனைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெண் மீனை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள். எழுதுவதற்கென்ன, சுலபம். கையில் துள்ளும் மீனிடம் போய் 'நீ யார்' என்று கேட்பதுதான் பாடு. அதனால் அந்த வாரங்களில் வளைவுக்கு மேலிருந்தும் பாலத்துக்குக் கீழிருந்தும் குரல் வந்துகொண்டே இருக்கும்.

"பல்லக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். ஆணா பொண்ணா?"

சில சோம்பேறிகள் போனில் படம் அனுப்பிக் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் கிடைக்காது. "போட்டோவப் பாத்துக் கல்யாணம் வேணா முடிக்கலாம். மீன் முடிக்க முடியாது," என்பார்.

பல்செட் செய்கிற அக்கா என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து பல்லக்கா ஆயிற்று. வேலை செய்வது ஒரு பல் மருத்துவமனையில், எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் பின்பக்கம். ஒரே ஜன்னல், நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, மெருகேற்றும் மோட்டார். சுவர் அலமாரி முழுவதும் பிளாஸ்டர் தாடைகள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அங்கே திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. முதல் முறை உள்ளே வருகிறவர்கள் யாரோ தங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவரின் பல் அச்சைக் கையில் எடுத்ததும் ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம் உண்டா என்பதெல்லாம் பல்லக்காவுக்குத் தெரிந்துவிடும். டிவியில் செய்தி ஓடினால் செய்தி காதில் ஏறாது. வாசிப்பவரின் தாடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்தாளுக்கு மேல்வரிசை சரியா உக்காரல. பாவம், 'ஷ' வரும்போதெல்லாம் பயப்படறார்."

ஆண்களுக்குச் சதுரப் பல், பெண்களுக்கு உருண்டைப் பல் என்று பெட்டியில் எழுதி அனுப்புகிற கம்பெனிகள் உண்டு. பல்லக்கா இரண்டையும் கலந்துதான் அடுக்கி வைத்திருப்பார். "பல்லுல என்ன ஆம்பளப் பல்லு, பொம்பளப் பல்லு? மூஞ்சிக்குப் பொருந்தற பல்லு, பொருந்தாத பல்லு. அவ்வளவுதான்."

"அப்ப ஆத்துல மட்டும் போய்த் தாடையப் பாத்து ஜோசியம் சொல்றியே, அது என்ன?" என்று கணவர் ஒருமுறை மடக்கப் பார்த்தார்.

"மீன் கதை வேற. அது கல்யாண சீசனுக்குன்னு தாடை வளக்கற ரகம். நீங்க மீசை வளத்த மாதிரி."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கு ஆறு அறிமுகமானதே அவருடைய தொழிலால்தான். கல்யாணமான புதிதில், தூண்டில்காரர் சங்கத்தின் செயலாளர் ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கதவு இடுக்கு வழியாக ஊர்க்கதையெல்லாம் பேசி அவர் பயத்தைப் போக்கி வெளியே எடுத்தவர் இவர். நன்றிக்கடனாகச் செயலாளர் ஒரு நாள் மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு கொடுத்தார். மனிதருக்கோ முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே தலை சுற்றும். வீணாகப் போகிறதே என்று மனைவி எடுத்துக்கொண்டு போனார். அன்று ஒரு மீனும் கிடைக்கவில்லை. மறுவாரமும் போனார். அதோடு சரி, இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லக்காவை வீட்டில் பார்க்க முடியாது. "நீங்கதான் பல்லக்காவோட வீட்டுக்காரரா?" என்று யாராவது கேட்டால் கணவர் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார். "ஆமாங்க. ஊரையே மேல தூக்கி விடறவன், ஒரு பல்லக்கத் தூக்க மாட்டேனா?"

பல்லக்காவைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் அவர் சரியாகச் சொன்ன மீன்களைப் பற்றித்தான் சொல்வார்கள். கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அவர் அதிகம் சொல்லும் சொல் 'தெரியல' என்பது. சின்ன மீனில் ஆண் பெண் பார்க்க முடியாது. வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு வருவதிலும் சொல்வது கஷ்டம். பெருந்தீனி தின்ற ஆணுக்கும் வயிறு இருக்கும். வயதான பெண்ணுக்கும் தாடை சற்று நீளும். ஓர் அடையாளத்தை மட்டும் நம்ப மாட்டார். மூன்று ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால், "தெரியல. தெரியலன்னா விட்டுடணும்." பலகையில் இந்த வரி கிடையாது. பல்லக்காவே சேர்த்துக்கொண்டது. அதை மீறி மீனை எடுத்துக்கொண்டு போனவர் யாருமில்லை.

வழியனுப்புவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறார். ஆண் மீனென்றால் 'போடா', பெண்ணென்றால் 'போடி'. தெரியாத மீனுக்கு மட்டும் மரியாதை. "போயிட்டு வாங்க."

போன பருவத்தின் கடைசியில் இந்தத் 'தெரியல'தான் அவருக்கு வீட்டுக்குள்ளேயே வினையாக வந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது இரண்டு தெரு தள்ளி. மகள் கர்ப்பமாக இருந்தாள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று கேட்கப் போவதில்லை, பிறக்கும்போது பார்த்துக்கொள்கிறோம் என்று அவளும் மாப்பிள்ளையும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து வேறு ஊரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்து இறங்கினார். வாழ்நாள் முழுவதும் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. மோசமான மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. வரும்போதே பெட்டி நிறைய பழமும் மருமகளுக்கு மெத்தென்ற செருப்பும் வாங்கி வந்தார். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் வண்டியை ஓட்டிப் பழகிவிட்ட மனிதர். காலையில் மருமகள் காபி கொண்டுவந்தால், "நடையப் பாத்தா பையன்தான்." மத்தியானம் தூங்கி எழுந்தால், "முகத்துல களை இருக்கே, பையன்தானே?" புளிப்பு கேட்டால் ஒரு கணக்கு, இனிப்பு கேட்டால் ஒரு கணக்கு. எந்தக் கணக்கைப் போட்டாலும் விடை ஒன்றே. மாப்பிள்ளை ஒருநாள் அதட்டிப் பார்த்தான். "கேட்டா என்னடா தப்பு? ஆசைப்படறதுக்குமா லைசென்ஸ்?" என்றார்.

ஒரு மத்தியானம் மகள் வேலை அறைக்கு வந்தாள். பல்லக்கா மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அலமாரித் தாடைகளைப் பார்த்தாள்.

"அம்மா, மாமா உங்கிட்டக் கேப்பாரு. உனக்குப் பாத்தாலே தெரியும்னு இவர் வேற சொல்லி வெச்சிருக்காரு. கேட்டா பையன்தான்னு சொல்லிடேன்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்மா. சும்மா சொல்லு. பொறக்கற வரைக்கும் நிம்மதியா இருப்பேன்."

"பொறந்தப்புறம்?"

"அப்புறத்த அப்புறம் பாத்துக்கலாம்."

பல்லக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். "தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேண்டி."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மீனுக்குச் சொல்ற நியாயத்தையெல்லாம் எங்கிட்டயும் சொல்லு. உன் பொண்ணு எக்கேடு கெட்டா என்ன?" என்று எழுந்தாள். பேசும்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை. பல்லக்கா அவளை உட்காரவைத்து, காதுக்குக் கீழே தாடையின் மூலையில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். கூழாங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது. மகள் சிணுங்கினாள்.

"வாயத் தொற."

கடைவாய்ப் பற்களின் விளிம்பு புதிதாகத் தேய்ந்திருந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். சின்னப் பிள்ளையில்கூட அந்தப் பழக்கம் இருந்ததில்லை. பல்லக்கா அச்சு எடுத்தார். அன்று சாயங்காலமே, படுக்கும்போது மாட்டிக்கொள்ள மெல்லிய உறை ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். கிளம்பும்போது மகளின் வயிற்றைப் பார்த்து, "அப்ப நான் கிளம்பறேன். நீங்க மெதுவா வாங்க," என்றார். மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம், "ஞாயித்துக்கிழமை சம்பந்தியை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பொண்ணு ஒரு நாளாவது தூங்கட்டும்," என்றார்.

வண்டியை ஓட்டியது பல்லக்கா. பக்கத்தில் சம்பந்தி. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "செகண்ட் போடுங்க சம்பந்தியம்மா. செகண்ட்." கணவருக்கென்று வாங்கி, அவர் ஒருநாளும் போடாத ரப்பர் பூட்ஸை ஆற்றங்கரையில் சம்பந்திக்கு மாட்டிவிட்டார். பூச்சி போல இறகு கட்டிய கொக்கியைக் காட்டி, அதை நீளக் கயிற்றோடு பின்னால் வீசி, ஒரு மூச்சு விட்டு, முன்னால் எறிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்குக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வீச்சு மரத்தில், இரண்டாவது அவருடைய தொப்பியில். "கிளட்ச்சை டக்குனு விடறீங்க," என்றார் பல்லக்கா. அதற்குப் பிறகு கொஞ்சம் சரியாக வந்தது.

வெயில் ஏறுவதற்குள் சம்பந்தியின் தூண்டில் வில்லாக வளைந்தது. மீன் பாறைக்கு அடியில் ஓடியது, வெளியே வந்தது, மறுபடி ஓடியது. அவர் முகத்தில் இருந்த பெரிய மனுஷத்தனம் எல்லாம் உதிர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தடுமாறி நடந்தார். கடைசியில் பல்லக்கா வலையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். முன்னங்கை நீளம். அந்தப் பருவத்தில் யாருக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்கவில்லை.

"என்னா இழுப்பு," என்றார் சம்பந்தி மூச்சு வாங்க. "இவ்வளவு பலம்னா ஆம்பளதான். கேக்கவே வேணாம்."

பல்லக்கா குனிந்தார். வாயின் கோடு கண்ணின் பின்விளிம்பில் வந்து சரியாக நின்றது. தாண்டவும் இல்லை, உள்ளேயும் இல்லை. தாடை நுனியில் ஒரு சின்ன மேடு. வளைவு என்றால் வளைவு, இல்லையென்றால் இல்லை. வயிறு நிறைந்திருந்தது, சினையோ தீனியோ. துடுப்பைப் பார்க்கலாம் என்றால், ஏதோ பறவையோ நீர்நாயோ எப்போதோ கவ்வியிருக்க வேண்டும், ஓரமே இல்லாமல் கிழிந்து ஆறியிருந்தது. வயிற்றைப் பிதுக்கினால் ஒருவேளை தெரியும். பிதுக்கினால் உள்ளே இருப்பதும் கெடும். அந்த வேலையை அவர் செய்ததில்லை. வழக்கத்தைவிட வெகு நேரம் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

"என்ன தெரியல?"

"ஆணா பொண்ணான்னு தெரியல சம்பந்தி."

"உங்களுக்கா தெரியல? பாத்த மாத்திரத்துல சொல்லுவீங்கன்னு பையன் சொன்னானே."

"தெரிஞ்சா சொல்லுவேன்."

"அப்ப ஆணுன்னே வெச்சுக்குவோமே. பாதிக்குப் பாதி இருக்கில்ல?"

"மீதிப் பாதிக்கு யாரு பொறுப்பு?"

சம்பந்தி சுற்றும் முற்றும் பார்த்தார். கரையில் ஆள் இல்லை. "ஒரு வார்த்தைதானே சம்பந்தியம்மா. நீங்க சொன்னா யாரு கேக்கப் போறா? எம் பொண்டாட்டி போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் எனக்குன்னு ஒண்ணு கெடச்சிருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் பல்லக்காவைத் தொட்டது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் மனிதர் மீனைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்குள் ராஜா மாதிரி நுழைவார். வீடு குளிரும். மகளுக்கும் ஒரு வாரம் மூச்சு விடக் கிடைக்கும். அவள் கேட்டதற்குத்தான் மாட்டேன் என்றாயிற்று, இதையாவது செய்தால் என்ன? வலைக்குள் மீன் செவுளை விரித்து மூடிக்கொண்டிருந்தது. இவர் கை சில்லிட்டு மரத்துப்போனது.

"நீங்க விடறீங்களா, நான் விடட்டுமா?" என்றார்.

சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லக்கா கொக்கியைக் கழற்றினார். கையைத் திறந்தார். மீன் சற்று நேரம் அங்கேயே நின்றது. "போயிட்டு வாங்க," என்றார் மெதுவாக. பாறை நிழலுக்குள் அது போய்விட்டது.

சம்பந்தி கரையேறி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். பல்லக்கா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். வாங்கவில்லை. வெகு நேரம் கழித்து வெடித்தார். "பொறக்கப் போறது பையனான்னு கேட்டா தெரியாது. ஸ்கேன் எடுத்தவங்கிட்டக் கேக்காதேங்கறாங்க. மீனக் கேட்டா அதுவும் தெரியாது. உங்க வீட்டுல யாருக்கு என்னதான் தெரியும்?"

பல்லக்கா டீயைக் கல்லின் மேல் அவருக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரக் கையைப் புடவைத் தலைப்பு என்று நினைத்து ரப்பர் பூட்ஸில் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியும் சம்பந்தி. எம் பொண்ணு தூக்கத்துல பல்லக் கடிக்கறா. தாடை ஓரம் ரெண்டு பக்கமும் கட்டியா இறுகியிருக்கு. வாய முழுசாத் தொறந்து சாப்பிட முடியல. சின்ன வயசுலேருந்து அவ பல்ல நான் பாத்துட்டு வர்றேன், இதுவரைக்கும் அப்படி இல்ல. நீங்க வந்து இறங்கின வாரத்துலேருந்துதான். இது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

குரல் உயரவில்லை. அச்சைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். சம்பந்தி ஆற்றைப் பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

திரும்பும் வழியில் அவருடைய வலது கால் அசையவே இல்லை. அதுதான் பல்லக்காவுக்குப் பயமாக இருந்தது. சம்பந்தி வீட்டு மனஸ்தாபம் என்பது நூல் சிக்கல் மாதிரி, இழுத்தால் இறுகும். இரவு கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் நெற்றியைத் தடவினார். "கொஞ்சம் இதமாச் சொல்லியிருக்கலாம்." "இதமாத்தான் சொன்னேன்." "உன் இதம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, "சரி, சொன்னது சொன்னதுதான். ஊருக்குக் கிளம்பறேன்னு சொன்னா நான் போய்ப் பேசறேன்," என்றார்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, மாமா கிட்ட என்ன சொன்ன? மனுஷன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறாரு. நேத்து சாப்பிடும்போது, 'சூடா இருக்கா, கஞ்சியா வேணுமாம்மா, மெல்லக் கஷ்டமா இருக்கா'ங்கறாரு."

"உறை போட்டுக்கறியா?"

"போட்டுக்கறேன்."

"நாளைக்குக் கொண்டு வா, பாக்கணும்."

கொண்டுவந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் பல்லக்கா. முதல் இரவுகளின் கடி ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்கு மேல் விழுந்த புதுத் தடம் மேலோட்டமாக, நகக்கீறல் போலத்தான் இருந்தது. கழுவித் துடைத்து மகளிடம் கொடுத்தார். போகும்போது மகள், "உன் வாயில ஒரு பொய் வராதாம்மா?" என்று கேட்டுத் தோளில் சாய்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் சம்பந்தியே போன் செய்தார். ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்றார். தொண்டையைக் கனைத்தார். "கிளம்பறதுக்குள்ள இன்னொரு தரம் ஆத்துக்குப் போகலாமா சம்பந்தியம்மா? உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா."

அன்று வானம் மூடியிருந்தது. சம்பந்தி தானாகவே பூட்ஸை மாட்டிக்கொண்டு வளைவுக்குக் கீழே போய் நின்றார். பல்லக்கா மேலே பாலத்துப் பக்கம் போனார். நடுநடுவே திரும்பிப் பார்த்தார். மனிதர் மரத்தில் இரண்டு தரம் மாட்டி, பொறுமையாக எடுத்து, மறுபடி வீசினார். பிறகு ஒருமுறை பார்த்தபோது குனிந்திருந்தார். கூப்பிடவில்லை. பல்லக்கா தூண்டிலையும் வலையையும் எடுத்துக்கொண்டு கரையோரமாக இறங்கிப் போனார்.

சம்பந்தி மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். இடது கை வயிற்றுக்கு அடியில், வலது கை வால் பக்கம். பிடி சரியில்லைதான், ஆனாலும் இறுக்கவில்லை. சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. நிமிராமலே பேசினார்.

"வாய் கண்ணத் தாண்டிப் போகுது." மூச்சு விட்டார். "தாடை வளைஞ்சிருக்கு. துடுப்பு ஓரம் வெளிய புடைச்சிருக்கு. மூணும் ஒத்துப்போகுது. ஆண்தானே?"

பல்லக்கா குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் செம்பு நிறம் ஏறி, கொண்டித் தாடையோடு, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய மீன். சின்ன மீனும் இல்லை.

"ஆண்தான்."

"எடுத்துட்டுப் போகலாமா?"

"தாராளமா. விதியே இருக்கு."

சம்பந்தி தலையை ஆட்டினார். ஆனால் மீனைத் தூக்கவில்லை. விடவும் இல்லை. குளிர்ந்த தண்ணீருக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அதை ஏற்றிவிடக் கை இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. மீனிடம் பேசினாரோ, வேறு யாரிடமோ.

பல்லக்கா வலையை அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தார். பத்தடி தள்ளிப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சிக்கே விழாத தூண்டில் கயிற்றில் மெதுவாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.